எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். நோயாளியை மையமாகக் கொண்ட கவனிப்பு என்றதும் சிரித்த முகமும் இதமான பேச்சும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆனால், இதமாகப் பேசிக்கொண்டே ஒருவருடைய காரியங்கள் அனைத்தையும் அவரைக் கேட்காமல் முடிவு செய்துவிடவும் முடியும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சர்க்கரை நோய்க்கு மதுரை வரும் வயதான அம்மா ஒருவரை எண்ணிப் பாருங்கள். கேள்விகளெல்லாம் உடன் வந்த மகனிடமே கேட்கப்படுகின்றன. காலையில் இன்சுலின் போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். அவரோ ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு களையெடுக்கப் போய், பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்துதான் தூக்குவாளியைத் திறக்கிறார். இடையில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டுகிறது. பயந்துபோய் ஊசியையே நிறுத்திவிடுகிறார். அடுத்த முறை, சொன்னபடி நடப்பதில்லை என்ற குறிப்பு அவர் பெயரில் ஏறுகிறது. சாப்பாட்டு நேரத்தை முதல் நாளே அவரிடம் விசாரித்திருந்தால் ஊசியின் நேரத்தையோ வகையையோ மாற்றியிருக்கலாம்.

கூட்டம் அலைமோதும் புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். நியாயம்தான், ஆனால் மருத்துவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை, ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியரே கேட்டுக் குறித்து வைக்கலாம்.

விசாரிப்பதால் என்ன விளையும் என்பதற்கு நம் மதுரையிலேயே சான்று இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம முகாம்களில், கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, தனியே போகும் பயம் ஆகியவையே தடைகள் என்று தெரிந்ததும், ஊராரைச் சேர்த்தே பேருந்தில் அழைத்து வந்து, உணவளித்து, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு உருவானது. மருத்துவம் மாறவில்லை, அதைச் சென்றடையும் வழிதான் மாறியது.

காப்பகங்களின் நிலை இதைவிடக் கடினம். பணியாளர் ஷிப்ட் மாறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக விடியுமுன்னே முதியவர்களைக் குளிப்பாட்டும் இல்லங்கள் உண்டு. வீட்டாராகிய நாமும் பாசத்தின் பெயரால் இப்படி அவர்களைக் கேட்காமலேதான் முடிவு செய்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மனம் தெளிவாக இருக்கும்போதே, மனநோய் வந்தால் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் வயது வந்த எவருக்கும் உரிமை தருகிறது. உங்கள் உறவினரை மனநல மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அப்படி ஏதும் எழுதி வைத்திருக்கிறாரா என்று அங்கே கேட்கிறார்களா எனப் பாருங்கள். கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.