புது பேட்டரி போட்டும் சார்ஜ் நிற்கவில்லை: பழைய பொலேரோவுக்கு டைனமோ மாற்றலாமா?

களக்காட்டில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன். "அண்ணாச்சி, என்னிடம் இருப்பது 2006 மாடல் பொலேரோ, ஃபோர் வீல் டிரைவ், டிஐ டீசல் இன்ஜின். வாழைத் தோட்டத்துக்குப் போக வர வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் மீட்டரில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது. காலையில் செல்ஃப் இழுப்பதில்லை. டைனமோ போய்விட்டது, மாற்று என்கிறார்கள். புதுசு போடவா, பழசையே சரி பண்ணவா?"

தம்பி, டைனமோ (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம்) போய்விட்டது என்று சொன்னவர் மீட்டர் வைத்துப் பார்த்தாரா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். 13.8-இல் இருந்து 14.4-க்குள் நிற்க வேண்டும். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டாலும் 13.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போச்சு, புது பேட்டரியையும் சேர்த்து அவித்துவிடும்.

இத்தோடு நிறுத்தக் கூடாது. இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் தடித்த ஒயர் இருக்கும் போல்ட்டிலும், மறு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். லைட்டெல்லாம் எரியட்டும். அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரிலோ டெர்மினலிலோ கோளாறு. அதேபோல டைனமோ பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கத்தில் எத்தனை வண்டி தாமிரபரணித் தண்ணீரில் நின்றது! அதற்கு அடுத்த வருடம் முழுக்க என்னிடம் வந்த சார்ஜ் கம்ப்ளெயின்ட்டில் பாதிக்கு, பேட்டரி நெகட்டிவை பாடியோடு இணைக்கும் எர்த் பட்டைதான் காரணம். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினதும் சரியாகிவிட்டது. உங்கள் விளக்கு மங்கலாக எரிவதற்கும் தடித்த ஒயரில் இருக்கும் இப்படிப்பட்ட கோளாறு காரணமாக இருக்கலாம், டைனமோ உள்ளே கரண்ட்டை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று போயிருந்தாலும் அப்படி எரியும். அதனால்தான் முதலில் அளக்கச் சொல்கிறேன்.

ஒயர் எல்லாம் சரி, டைனமோதான் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். கார்பன் (சுற்றும் வளையத்தில் உரசிக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டை) தேய்ந்திருந்தால், பேரிங் கத்தினால், ரெகுலேட்டர் போயிருந்தால் பழசையே சரி பண்ணலாம், செலவும் குறைவு. கார்பன் ஓடும் செம்பு வளையத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, காயில் கருகின வாடை வந்தாலோ புதுசு போடுங்கள். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் ஓடும் வண்டிகளுக்கு இந்த வளையம் சீக்கிரம் தேயும். செம்மண் தூசி உள்ளே போய் உப்புத்தாள் வேலை செய்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். உங்கள் டைனமோவின் பின்பக்கத்தைப் பாருங்கள். குண்டாக ஒரு பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் ஹோஸ்கள் வந்து சேரும். அது வேக்கம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்ப். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் காற்றை இழுக்கும்போதே வேக்கம் கிடைத்துவிடும். பழைய டீசலில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது, அதனால் வேக்கமும் கிடையாது. நாம் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கொடுக்கத்தான் டைனமோ தண்டிலேயே இந்தப் பம்பைக் கோர்த்திருக்கிறார்கள். பழைய சுமோவிலும் இதே கதைதான். ஆக, நீங்கள் எலக்ட்ரிக்கல் வேலை என்று நினைத்துக் கழற்றுவதில் உங்கள் பிரேக்கும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால், மாஞ்சோலை ஏறுகிற ஒரு ஜீப்புக்கு நானே டைனமோ மாற்றினேன். சார்ஜ் 14.2, அருமை. அந்தச் சந்தோஷத்தில் வேக்கம் ஹோஸின் கிளிப்பை முறுக்க மறந்துவிட்டேன். வண்டிக்காரர் மணிமுத்தாறு தாண்டுவதற்குள் போன் பண்ணிவிட்டார். "பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி, பிடிக்கவே மாட்டேங்கு." நல்லவேளை, மலை ஏறுவதற்கு முன்னால் பார்த்தார். இறக்கத்தில் வந்து பார்த்திருந்தால்? இன்றைக்கும் அந்தக் கிளிப்பை இரண்டு தடவை தொட்டுப் பார்க்காமல் வண்டியை வெளியே விடமாட்டேன்.

இந்தப் பம்புக்கு மசகு இன்ஜின் ஆயில்தான். ஒரு குழாய் வழியாக ஆயில் உள்ளே வரும், இன்னொன்று வழியாக ஆயில் சேம்பருக்குத் திரும்பும். பம்புக்கும் டைனமோவுக்கும் நடுவில் இருக்கும் சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் ஒழுகி கார்பனைக் குழப்பிவிடும். பின்பக்கம் கருப்பாக ஆயில் படிந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். படிந்திருந்தால், கார்பன் மட்டும் மாற்றுவது வீண் வேலை. சீலை மாற்றாமல் விட்டால் கொஞ்ச நாளில் திரும்ப வந்து நிற்பீர்கள்.

கழற்றும்போது பேட்டரி நெகட்டிவை முதலில் எடுத்துவிடுங்கள். டைனமோவின் தடித்த ஒயரில் சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். ஒயர்களை, குழாய்களை எல்லாம் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புதுசை வாங்கும்போது பழசைக் கையோடு கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புல்லியின் பள்ளம், அது நிற்கும் தூரம், காது போல்ட் இடைவெளி, பம்ப் சுற்றும் திசை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். லூகாஸ் டிவிஎஸ் மாதிரி ஒரிஜினலாகவே வாங்குங்கள். (டிவிஎஸ்ஸில் இருக்கும் முதல் எழுத்து திருக்குறுங்குடி, தெரியுமா? டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர், உங்கள் களக்காட்டுக்குப் பக்கத்தில்தான்.) கூடுதல் லைட் போடுவதற்காகப் பெரிய ஆம்பியர் டைனமோ போடுகிறவர்கள் ஒயரையும் தடித்ததாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒயர் சூடாகும்.

மாட்டுவதற்கு முன் பம்பின் ஆயில் வாயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிடுங்கள். உலர்ந்து ஓடினால் பம்ப் முதல் நிமிடத்திலேயே தேயும். ஆயில் குழாயின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கட்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் போகும், தளர்ந்தால் கத்தும்.

எல்லாம் முடிந்ததும், இன்ஜின் நிற்கும்போதே பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். பெடல் கெட்டியாகிவிடும். காலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். சில நொடிகளில் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள், வேக்கம் ஹோஸைப் பாருங்கள்.

இன்னொன்று, சில பேர் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைப் பிடுங்குவார்கள். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு பெரிய மெக்கானிக்காக இருந்தாலும் விடாதீர்கள், வோல்டேஜ் எகிறிப் புது டைனமோவின் டயோடுகள் போய்விடும்.

பெல்ட்டும் பழசு என்றால் இதோடு மாற்றிவிடுங்கள். விரிசல் இல்லாத பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல், 13-ஆம் நம்பர் ஸ்பானரோடு சேர்த்துப் பின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.