வங்குரோத்தான கார் கம்பனியின் ஏலத்தில் குட்டிக் கார் கேட்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா அனுப்பிய கேள்வியை வாசித்ததிலிருந்து மூன்று நாட்களாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஜெர்மனியில் இருக்கும் அவருடைய மகன், வங்குரோத்தாகிப் பூட்டப்பட்ட ஒரு குட்டிக் கார் தொழிற்சாலையின் ஏலப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். முட்டை வடிவிலான, இருவர் மட்டும் அமரக்கூடிய மின்சாரக் கார்கள். ஆரம்ப விலை 500 யூரோ. இரண்டை ஏலத்தில் கேட்டு, ஒன்றை அங்கே வைத்துக்கொண்டு மற்றதைக் கொழும்புக்கு அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

கொழும்புக்கு அனுப்பும் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோதும், மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கார்களுக்கு இடமளிக்கப்படவில்லை. வங்குரோத்து வழக்கு முடியும்வரை களஞ்சியத்தில் நின்ற கார் ஒரு கிலோமீற்றர்கூட ஓடியிருக்காது. ஆனால் அதன் வயது ஓடியிருக்கும். ஆகவே அந்த இரண்டாவது காரை மறந்துவிடுங்கள்.

இனி ஏலத்துக்கு வருவோம். பழைய கார்களின் நிலையைத் தரம் போட்டுக் காட்டும் ஜப்பானிய ஏலத்தாளை வாசிப்பது எப்படி என்று நான் முன்னர் பேசியதைப் பார்த்தவர்கள், இங்கேயும் 4.5 என்றோ R என்றோ ஒரு தரம் போட்டிருப்பார்கள் என்று எண்ணக்கூடும். அப்படி எதுவும் இல்லை. வங்குரோத்து ஏலத்தில் பொருள் உள்ளது உள்ளபடியே, உள்ள இடத்திலேயே விற்கப்படுகிறது. பரிசோதகர் நீங்கள்தான், பாரம் தூக்கி வந்து ஏற்றிச் செல்ல வேண்டியவரும் நீங்கள்தான். எனவே நான் எப்போதும் சொல்வதையே மறுபடியும் சொல்கிறேன், சலித்துக்கொள்ள வேண்டாம்: காரைப் பார்க்க முன்னர் முன்கண்ணாடியைப் பாருங்கள். அது உடைந்தால் இன்னொன்று எங்கே கிடைக்கும் என்பதற்குப் பதில் தெரியாதவரை கையை உயர்த்தாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் பேலியகொடைப் பக்கம், கடையை மூடிவிட்ட ஓர் இறக்குமதியாளரின் களஞ்சியத்தில், ஒருவர் மட்டும் அமரக்கூடிய மூன்று சில்லு மின்சார வாகனமொன்று ஏலத்துக்கு வந்தது. கண்ணாடியில் சுண்ணாம்புக்கட்டியால் 17 என்று எழுதியிருந்தார்கள். அந்த 17இல் உள்ள 1இன் காலடியிலிருந்து கண்ணாடியில் ஒரு வெடிப்பு தொடங்கியிருந்ததை, ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று கூறி முடித்த பின்னர்தான் கண்டேன். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நான் ஏறாத கடையில்லை. கடைசியாக ஒரு கடைக்காரர் என் தொலைபேசியை வாங்கி, படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேர், இதுக்குக் கண்ணாடி தேடுறதவிட, இருக்கிற கண்ணாடிக்குப் பொருந்துற காரைத் தேடுறது லேசு” என்றார். பெயர்ப்பலகை செய்பவர் ஒருவரிடம் அக்ரிலிக் தகட்டை வளைத்துப் பூட்டினேன்; அதற்குப் பிறகு, இரவில் எதிரே வரும் ஒவ்வொரு முச்சக்கரவண்டியும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது.

பிஎம்டபிள்யூ 1955 முதல் 1962 வரை செய்த இசெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கமே கதவாகத் திறக்கும் அந்த வண்டி ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்றதால், இன்றும் அதற்கு உதிரிப்பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சில நூறு கார்களோடு விழுந்த கம்பனியின் வண்டிக்கு யார் செய்வார்? கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் இருக்கைகளுக்குப் பேர்போன கோர்பின், ஸ்பரோ என்ற ஒற்றை ஆள் மின்சாரக் காரைச் செய்தார். அந்தக் கார் கம்பனி 2003இல் வங்குரோத்தானது. மறு ஆண்டு அதன் சொத்துகளை வாங்கிய ஒஹாயோக்காரர் ஒருவர், அதே வண்டியை வேறு பெயரில் மறுபடியும் செய்யத் தொடங்கினார். கார்களை மட்டும் தனியே வாங்கியிருந்தால் அது நடந்திருக்குமா?

இங்கேதான், அம்மா கேட்டிருக்க வேண்டிய கேள்வி வருகிறது: கார்களைத் தவிர அங்கே வேறு என்ன விற்கிறார்கள்? ஏலப் பட்டியலின் முதற்பக்கங்களில் பளபளக்கும் கார்கள் இருக்கும். கூட்டம் அங்கேயே நின்றுவிடும். பின்பக்கங்களில், ‘பலவகைப் பொருட்கள், ஒரு சரக்குத் தட்டு’ என்று சுருக்கமாக எழுதப்பட்ட தொகுதிகளில், கண்ணாடிகள், கதவுப் பிணைச்சல்கள், மின்கம்பிக் கட்டுகள், மோட்டார் கட்டுப்படுத்திகள், உடற்பகுதியை வார்க்கும் அச்சுகள் எல்லாம் கிடக்கும். நான் மகனாக இருந்தால், அந்தத் தட்டைக் கேட்டு வென்ற பிறகுதான் காரைக் கேட்பேன். வரிசை எண்படி கார் முன்னதாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள்; அப்படியானால் விட்டுவிடுவேன்.

பார்வையிடும் நாளில் ஒரு மல்ரிமீற்றரைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 12 வோல்ற் ஈய அமில பற்றரி முழுமையாக ஏறியிருந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். 10 வோல்ற்றுக்குக் கீழே கிடந்தால் அதை உயிரோடு கணக்கில் எடுக்க வேண்டாம். லித்தியம் என்றால், அளவுக்கு மீறி இறங்கிய பற்றரியை ஏற்ற அதன் கட்டுப்பாட்டுப் பலகையே விடாது. மென்பொருளையும் விசாரிக்க வேண்டும்: 2024இல் வங்குரோத்தான ஃபிஸ்கர் என்ற மின்சாரக் கார் கம்பனியின் எஞ்சிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை வாங்கிய நியூயோர்க் நிறுவனத்துக்கு, அவற்றின் தரவுகளை வேறு சேர்வருக்கு மாற்ற முடியாது என்பது உடன்பாட்டுக்குப் பின்னர்தான் சொல்லப்பட்டது. இவற்றோடு, ஐரோப்பாவில் புதிய வண்டியைப் பதிய, தயாரிப்பாளர் வழங்கும் இணக்கச் சான்றிதழ் வேண்டும். அது ஏற்கெனவே அச்சிடப்பட்டு உறையில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், இனி அதில் கையொப்பமிட ஆள் இல்லை.

விலையைப் பற்றி ஒரு சொல். 2013இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் ஒரு சேகரிப்பாளரின் குட்டிக் கார்கள் விற்கப்பட்டபோது, 137 சென்ரிமீற்றர் நீளமே உள்ள, பின்னோக்கிச் செல்லும் கியர்கூட இல்லாத பீல் பி50 ஒன்று 120,750 டொலருக்குப் போனது. அதைக் கேள்விப்பட்டு எல்லாக் குட்டிக் கார்களும் பொன் முட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. அது அருங்காட்சியகத்தில் பேணப்பட்ட வண்டி. அந்தத் தொகையிலும் சுத்தியல் விழுந்த விலை 105,000தான். மீதி 15 வீதம் ஏல நிறுவனத்தின் கட்டணம். 500 யூரோவிலும் அப்படியொரு கட்டணமும் வரியும் பின்னால் வரும்.

ஆக, ஒரு காரைக் கேட்கலாம், நான் தடுக்கவில்லை. உண்மையில் எனக்கே ஆசையாக இருக்கிறது. மகனிடம் அந்தப் பட்டியலின் கடைசி நான்கு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் அம்மா. கண்ணாடி எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று நானும் தேடிப் பார்க்கிறேன்.