பக்கத்தில் இல்லாத மிருதங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுக்காலம் நெருங்கினால், என்னிடம் வயலின் பழகும் பிள்ளைகளின் வீடுகளில் கைத்தொலைபேசி வழியே ஒரு தம்பூராவும் ஒரு மிருதங்கமும் ஒலிக்கத் தொடங்கிவிடும். “ரீச்சர், இது பிள்ளையைக் கெடுத்துப்போடாதோ?” என்று தாய்மார் கேட்பதுண்டு. கெடுக்காது, ஆனால் அந்தப் பதிவு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் சற்று வேடிக்கையானது. 1990 இல் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. தெரிந்த வித்துவான் ஒருவர் தம்பூரா ஒலிக்க, ஆதி தாளத்தில் மிருதங்கம் வாசித்துப் பதிவு செய்துதந்த கசெற் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அண்ணா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவின் வயரை ரேப் ரெக்கோடரில் பொருத்தி, மிதியைக் கையால் சுற்றுவார். நான் ஜாம் போத்தல் விளக்கின் அருகே இருந்து வர்ணம் வாசிப்பேன். அவருடைய கை சோர்ந்தால் நாடா மெதுவாகும். நாடா மெதுவாகும்போது காலப்பிரமாணத்தோடு சுருதியும் கீழே இறங்கும். வேகத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தாலே சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை, அதாவது ஒரு சுரத்தானம், இறங்கிவிடும். வர்ணத்தின் அடுத்த பகுதியான அனுபல்லவியில் இருக்கும் நான், தந்தியை முறுக்கும் பிருடையைத் தொட நேரமில்லாமல், விரல்களை மட்டும் பின்னுக்கு நகர்த்தி அந்தத் தம்பூராவைத் துரத்திக்கொண்டு போவேன். வாசிக்கும்போதே வெளியிலிருந்து வரும் ஒலியைக் கேட்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. அண்ணாவோ தனக்குத் தோள்வலி மட்டுமே வந்ததென்று இன்றும் சொல்வார்.

இன்றைய பதிவுகளில் அந்தத் தொல்லை இல்லை. சுருதியை அசைக்காமல் வேகத்தை மட்டும் குறைக்கவும், வேகத்தை அசைக்காமல் சுருதியை ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு ஏற்றவும் கணினிக் கணக்கு வழிசெய்திருக்கிறது. வசதி பெரியதுதான். ஆனால், அசையாத அந்தப் பதிவை நாற்காலிபோல நம்பி அதன்மேல் சாய்ந்துவிடும் பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன்.

முதலில் அதன் நன்மையைச் சொல்கிறேன். பக்கத்தில் இருந்து வாசிக்கும் மிருதங்க வித்துவான் இரக்கமுள்ளவர். பிள்ளை ஓடினால் அவரும் கொஞ்சம் ஓடுவார், பாட்டைத் தொடங்கவேண்டிய எடுப்பைத் தவறவிட்டால், முடிவுக்காக வாசிக்கும் ஒரு தீர்மானத்தைச் சுருக்கிப் பிள்ளையைக் காப்பாற்றிவிடுவார். சபையில் அது பெருந்தன்மை. சாதகப் பயிற்சியில் அதே பெருந்தன்மை பிழையை மூடிவைத்துவிடுகிறது. பதிவுக்கு இரக்கமில்லை. வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்தில் நாம் ஓடினால், நாம் முன்னே போய் நிற்போம், அது தன் இடத்திலேயே வந்துகொண்டிருக்கும்.

இனி, பெரும்பாலான வீடுகளில் நடக்கும் ஒரு தவறு. பதிவின் ஒலியை மிக உயர்த்தி வைக்கிறார்கள். தம்பூரா உரத்து ஒலித்தால் காது அதிலுள்ள சுத்தமான பஞ்சமத்தைக் கேட்டுவிட்டு, தன் விரல் போட்ட பஞ்சமமும் அதுவே என்று திருப்தியடைந்துவிடும். தம்பூரா நம் வில்லின் ஒலிக்குக் கீழே, நீண்ட ஸட்ஜத்தின் முடிவில் வில்லை எடுக்கும்போது மட்டும் தெளிவாகக் கேட்கும் அளவில் இருக்க வேண்டும். இரண்டு காதுகளிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வயலின் வாசிப்பதை நான் அனுமதிப்பதேயில்லை.

அடுத்தது, நான் மிகவும் நம்பும் பயிற்சி. நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு தாளச் சுற்று, மிருதங்கம், அடுத்த நான்கு ஆவர்த்தனம் மௌனம், மறுபடியும் மிருதங்கம் என்று ஒரு பதிவைச் செய்துகொள்ளுங்கள். தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்தால், சுற்றுக்கு எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் அந்த மௌனம் 32 விநாடி நீளும். மௌனத்தில் வாசித்துக்கொண்டே போய், மிருதங்கம் திரும்பி வரும் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்தில், நீங்களும் சரியாக விழுகிறீர்களா என்று பாருங்கள். முதல் நாள் அநேகமாக எல்லோரும் முந்திவிடுவார்கள். தெரிந்த சங்கதி வந்தவுடன் கை தானாக ஓடுகிறது. என் மாணவி ஒருத்தி முதல் தடவை அரை அட்சரம் முந்திவிட்டு, பதிவுதான் பிழை என்று என்னோடு வாதாடினாள்.

மேற்கத்திய இசையிலும், தனிவாத்தியத்தின் பங்கை மட்டும் வெற்றிடமாக விட்டுப் பதிவுசெய்த இசைத்தட்டுகள் 1950களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. அங்கே அந்த வெற்றிடத்துக்குரிய சுரங்கள் முன்னரே எழுதப்பட்டவை. ஆகவே நிரப்புவது எளிது. நம் வர்ணத்துக்கும் கீர்த்தனைக்கும் அந்த முறை ஓரளவு பொருந்தும். அந்தந்த நேரத்தில் மனதில் தோன்றும் சுரங்களை வாசிக்கும் கற்பனாசுரத்துக்குப் பொருந்தாது. முடிவுக்காகக் கணக்கோடு கட்டும் ஒரு கோர்வையை நீங்கள் எடுக்கப்போவது பதிவுக்குத் தெரியாது. அதற்கேற்ப மிருதங்கம் தணியாது, முடிவில் உங்களோடு சேர்ந்து வந்து விழாது. பதிவோடு மட்டும் கற்பனாசுரம் பழகிய பிள்ளை, உண்மையான வித்துவான் பதில் சொல்லத் தொடங்கியதும் திகைத்து வில்லை நிறுத்திவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே என் வகுப்பில் பதிவுக்குத் தொடக்கப் பாடங்களான வரிசைகளும் அலங்காரங்களும் வர்ணத்தின் இரண்டு காலங்களும் மட்டுமே உரியவை. கற்பனாசுரத்துக்கு, மிருதங்கம் பழகும் அயல்வீட்டுப் பிள்ளையை மாதம் ஒருமுறையேனும் அழைத்து வாருங்கள் என்று கேட்பேன். அவனும் பழகுபவன்தானே, பிழை விடுவானே என்கிறார்கள். விடட்டும்; இருவரும் சேர்ந்து சமத்தைத் தேடிப் பிடிக்கட்டும்.

நன்றி. வணக்கம்.