ரசீது இல்லாத வரி

அவையோருக்கு வணக்கம்.

என் தந்தை அறுபதுகளில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். அரசுக்குக் கட்டிய பணத்தின் ரசீதுகளைச் சுவரில் ஆணியில் குத்தி வைப்பார். ரசீது இல்லாத பணம் ஒன்றும் உண்டு. மாதம் பிறந்ததும், வாடகைக்கு முன்பாக, அதைத்தான் மடித்துக் கல்லாவின் ஓரத்தில் வைப்பார். ஓர் இளைஞன் வருவான், எடுத்துக்கொண்டு போவான். “யாருக்கு அப்பா?” என்று கேட்டேன். “நாளைக்கும் கடை திறக்க வேண்டுமே” என்றார்.

குண்டர் கும்பல் என்றதும் பலருக்கு ஆயுதம் நினைவுக்கு வரும். எனக்கு அந்த மடித்த நோட்டு. வரி வாங்குவது அரசின் வேலை. அதை வேறொருவன் செய்யத் தொடங்கிவிட்டால், பயந்த மக்கள் யாரை அரசு என்று நினைப்பார்கள்?

கரீபியன் நாடான ஹைட்டியைப் பாருங்கள். அங்கே கும்பல்களுக்குத் தீனி போட்டவர்களில் அரசியல்வாதிகளும் பெருஞ்செல்வர்களும் உண்டு. ஓட்டுக்காகவும் எதிரியை அடக்கவும் கூலிக்கு அமர்த்தினார்கள். சாலையும் துறைமுகமும் கைக்கு வந்தபின் கும்பலுக்குக் கூலி எதற்கு? 2022 செப்டம்பரில் ஒரு கும்பல் கூட்டணி, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் உள்ள வரூ எரிபொருள் முனையத்தை மறித்தது. டீசல் வரவில்லை, மருத்துவமனைகளில் ஜெனரேட்டர்கள் நின்றன, குடிநீர் லாரிகள் ஓடவில்லை. மூன்றாண்டுகளாகத் தலைகாட்டாத காலரா அந்த அக்டோபரில் திரும்பி வந்தது. தாகத்துக்குக் கிடைத்த தண்ணீரைக் குடித்த குழந்தை என்ன பாவம் செய்தது?

2023 ஜனவரியில் கடைசிப் பத்து செனட்டர்களின் பதவிக்காலமும் முடிந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட நாட்டின் ஆட்சியில் இல்லை. 2024 மார்ச்சில் கும்பல்காரர்கள் சிறையை உடைத்து ஆயிரக்கணக்கான கைதிகளை வெளியேற்றினார்கள். வெளிநாடு போயிருந்த பிரதமர் ஏரியல் ஹென்றியால் ஊர் திரும்பவே முடியவில்லை, பதவி விலகினார். உடனே தேர்தல் நடத்துங்கள் என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. ஓட்டுப்பெட்டி எந்தச் சாலை வழியாகப் போகும்?

நம் ஊரும் எளிதில் மீளவில்லை. 1963இல், சுவரில்லாச் சிறைக் குடியிருப்பாக இருந்த புலாவ் செனாங் தீவில், ரகசியக் கும்பல் கைதிகள் தங்களை நம்பிய கண்காணிப்பாளர் டேனியல் டட்டனைக் கொன்றார்கள். கும்பல்காரர்களை விசாரணையின்றித் தடுத்துவைக்கும் சட்டம் இன்றும் இங்கே இருக்கிறது. அது சிறிய விலை என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரு மாதம் அந்த இளைஞன் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அப்பா மட்டும், நான்கு மாதம்வரை, நோட்டை மடித்து அதே இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தார்.