300 மில்லி தண்ணீரும் மையொற்றுத் தாளும்

நேயர்களுக்கு வணக்கம். "ஆணுறையை நம்பலாமா டாக்டர்?" என்று கேட்பவர்கள் யாரும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கேட்பதில்லை. கதவு வரைக்கும் போய், திரும்பி நின்றுதான் கேட்பார்கள். கூச்சப்பட வேண்டாம். நல்ல கேள்வி அது.

ஆலையில் ஒவ்வோர் உறையையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் செலுத்துவார்கள். ரப்பர் மின்சாரத்தை விடாது. விட்டால் ஓட்டை இருக்கிறது, உறை கழிக்கப்படும். அப்புறம் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்து, 300 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். சொட்டவில்லையா? சரி, வாயை முறுக்கிப் பிடித்து மையொற்றுத் தாள்மேல் உருட்டுவார்கள். கண்ணுக்குத் தப்பிய துளையைத் தாளில் படியும் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். வேறு சிலவற்றில் காற்றை அடிப்பார்கள். வழக்கமான அகலமுள்ள உறை 18 லிட்டர் காற்றையாவது தாங்க வேண்டும். நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனே 20 லிட்டர்தான்! 70 டிகிரி சூட்டில் 7 நாள் வைத்து எடுத்த உறைக்கும் இதே 18 லிட்டர்தான்.

இதெல்லாம் ரப்பருக்கு வைக்கும் பரீட்சை. வீட்டில் என்ன நடக்கிறது? கிழிந்ததா, நழுவியதா என்று தம்பதிகளிடம் கேட்டு எழுதுவது ஒரு வழி. ஆனால் சிலர் மறந்திருப்பார்கள், சிலர் சொல்லமாட்டார்கள், கசிந்ததே தெரியாமலும் இருக்கும். அதனால் விந்தில் உள்ள பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைத் தேடுகிறார்கள். உறவுக்கு முன்பும் பின்பும் பெண்ணே தன் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துத் தருவார். முன்பு இல்லாத புரதம் பின்பு இருந்தால், விந்து கசிந்திருக்கிறது. யாருடைய ஞாபகத்தையும் நம்பியிராத இந்த முறைமேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் என் மனதில் ஆழப் பதிந்தது 1994இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு. கணவன் மனைவி போல வாழ்ந்த ஜோடிகள்; இருவரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. ஒருமுறைகூட விடாமல் ஆணுறை பயன்படுத்திய ஜோடிகள் 124. சுமார் 15,000 உறவுகளுக்குப் பிறகும் மற்றவருக்குத் தொற்றவில்லை, ஒருவருக்குக்கூட. சில நாள் பயன்படுத்தி, சில நாள் விட்டுவிட்ட ஜோடிகள் 121. அவர்களில் 12 பேருக்குத் தொற்றிவிட்டது.

ஆகவே, கதவருகே நிற்பவரை மறுபடி உட்காரச் சொல்லி நான் கேட்பது இதுதான்: எல்லா முறையும் போடுகிறீர்களா? பர்ஸிலேயே மாதக்கணக்கில் வைத்திருக்கிறீர்களா? தேங்காய் எண்ணெய் தடவுகிறீர்களா? எண்ணெய் பட்டால் ரப்பர் வலுவிழந்துவிடும். வழவழப்பு வேண்டுமென்றால், மருந்துக்கடையில் எண்ணெய் சேராத ஜெல் கேட்டு வாங்குங்கள்.