ஐந்து பேரில் நூறு சதவீதம்

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கல்விக் குழுவின் பெருமக்களே, ஓயாத அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, தலைமையாசிரியர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றே கேட்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய நண்பர் என் நேரத்திலும் பாதியைப் பேசி முடித்துவிட்டார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

கிராமப்புறக் கல்வி மாவட்டம் ஒன்றில் பொதுப் பள்ளிகளை எப்படி ஒப்பிடுவது என்பது தலைப்பு. மூன்று செய்திகள் சொல்கிறேன்: எண்ணிக்கை, ஆண்டுக்காண்டு வளர்ச்சி, வீட்டுச் சூழல்.

முதலில் எண்ணிக்கை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இவன் பேச்சில் இந்தப் பழமொழி இல்லாமல் இருக்காது என்று கேலி செய்பவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். இருக்கட்டும். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. பானைக்கு அது சரி. பள்ளிக்கு?

ஒரு கதை கேளுங்கள். சின்னப் பள்ளி ஒன்று. தேர்வு எழுதியவர்கள் ஐந்தே பேர், ஐவரும் தேறினார்கள். நூறு சதவீதம், மாவட்டத்தில் முதலிடம்! தலைமையாசிரியரை மேடையேற்றி, "வெற்றியின் ரகசியம் என்ன?" என்றார்கள். மனிதர் திருதிருவென விழித்தார். ரகசியம் இருந்தால்தானே சொல்ல! விடவில்லை. "காலையில் கொஞ்சம் சீக்கிரம் வருவோம்" என்று சொல்லிவைத்தார். மறுவாரமே எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை: சீக்கிரம் வரவும்! அடுத்த ஆண்டும் ஐந்து பேர். ஒருவனுக்குத் தேர்வன்று காய்ச்சல். ஒருத்தி புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளை, பாடமொழியே அவளுக்குப் புதிது. அறுபது சதவீதம், கடைசி இடம். அதே ஆசிரியர், அதே கரும்பலகை. விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதினார்: "நாங்கள் சீக்கிரம்தான் வந்தோம். காய்ச்சல் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது."

சிரித்தீர்கள், சரி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பள்ளி மதிப்பெண்களை அலசிய புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் கண்டதும் இதுதான். பட்டியலின் உச்சியில் சின்னப் பள்ளிகள் அளவுக்கு மீறி இருந்தன, அடியிலும் அப்படியே. சின்னப் பள்ளிகளை உருவாக்க அந்த நாட்டில் கேட்ஸ் அறக்கட்டளை பெரும்பணம் செலவிட்டது. பலவற்றில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்று 2009-ல் பில் கேட்ஸே எழுதினார். உச்சியை மட்டும் பார்த்தால் பணம் போகும். அடியை மட்டும் பார்த்தால்? பள்ளியை மூடுவார்கள். எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

ஒரு சோறு பதம் என்கிறவர்களே, உங்கள் பானையில் மொத்தமே ஐந்து சோறு! மூன்றாண்டுச் சராசரி எடுங்கள். சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்றும் அச்சிடுங்கள். ஓராண்டுப் பட்டியலைக் காட்டிப் பூட்டுப் போடாதீர்கள். பக்கத்துப் பள்ளி தொலைவில் இருந்தால் சின்னப் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? அந்தக் கணக்கு எந்தப் பட்டியலில் இருக்கிறது?

ஆண்டுக்காண்டு வளர்ச்சிக்கு நேரமில்லை. வீட்டுச் சூழலைப் பற்றி 1966-லேயே அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்த கோல்மன் அறிக்கை விரிவாகச் சொல்லிவிட்டது... தலைவர் இரண்டாம் மணியும் அடித்துவிட்டார். சிறு பள்ளிகளை மூடக்கூடாது என்ற தீர்மானம் வாசல் மேசையில் இருக்கிறது. அதிகாரி அவர்கள் உட்பட எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.