கடுவன் பூனை மண்தட்டில் குந்தினால்

வணக்கம் நேயர்களே. நாய்க்கு வருத்தம் வந்தால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். பூனை சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நோவை மறைப்பது அதன் பிறவிக் குணம். அதனால் அதன் பழக்கங்களில்தான் உங்கள் கண் இருக்கவேண்டும். அலுமாரிக்கு மேல் பாய்கிற பூனை இப்போது கதிரையோடு நின்றுவிடுகிறதா? மூட்டு நோவாக இருக்கலாம். தன்னை நக்கித் துடைக்காமல் முதுகு மயிர் சடை பிடித்திருக்கிறதா? அதையும் கவனியுங்கள். ‘உர்ர்’ என்கிறதே, சந்தோஷம்தானே என்று இருந்துவிடாதீர்கள். நோவிலும் பூனை அப்படிச் சத்தம் போடும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் கடுவன் வளர்ப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நாள் முழுக்க வீட்டுக்குள், ஓட்டம் இல்லை, உலர் தீனி, குடிக்கிற தண்ணீரோ கொஞ்சம். கடுவனுக்குச் சலக்குழாய் மிக ஒடுக்கம். மணல் போன்ற படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். மண்தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகும், குந்தும், முக்கும், கத்தும். மண் காய்ந்தபடியே கிடக்கும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்குகிற வீடுகள் நிறைய. சலம் வெளியேறாவிட்டால் சிறுநீரகம் பழுதாகும், இரத்தத்தில் பொற்றாசியம் ஏறும், இதயம் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். ஆகவே விடியட்டும் என்று பார்க்காதீர்கள். அன்றிரவே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வராமல் தடுக்க, ஈரத் தீனி கொடுங்கள்; தண்ணீர்க் கிண்ணத்தை மண்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

அப்புறம், பனடோல். நம் ஊரில் தலையிடி, காய்ச்சல், கவலை எல்லாவற்றுக்கும் அதுதானே! பூனைக்கு மட்டும் வேண்டாம். அந்த மருந்தை நம்மைப்போல் முறித்து வெளியேற்ற அதன் ஈரலால் முடியாது. ஒரு குளிசையே உயிரைக் குடித்துவிடும். முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும்.

வேறு இரண்டு விஷயம். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாத பூனையைக் காட்டத்தான் வேண்டும். கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படியும். நாயைப்போல வாயைத் திறந்து மூச்சு விட்டால் அதுவும் அவசரம்தான்.

கொண்டுபோகும்போது கூட்டில் வைத்து, மேலே ஒரு துவாயைப் போர்த்திவிடுங்கள். ஓட்டோச் சத்தத்தில் மிரளாது. கடைசியாக எப்போது சலம் போனது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் அதைத்தான் கேட்பார்.